லாரி கேபினுக்குள் தண்ணீர் ஒழுகுகிறதா? ஓட்டையைத் தேடிப் பிடிக்கும் முறை

மழை நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும். வெயில் நன்றாக அடிக்கிறது. கிளீனர் பக்கம் காலடியில் கிடக்கும் ரப்பர் மேட்டைத் தூக்கினால், அடியில் இருக்கும் ஃபெல்ட் சொதசொதவென்று ஊறிக் கிடக்கிறது. கையால் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் தேறும். புதிதாக லாரி வாங்கியவர்கள் இதைப் பார்த்ததும் நேராகக் கடைக்குப் போய் ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி வந்து முன்கண்ணாடியைச் சுற்றிப் பூசிவிடுகிறார்கள். அடுத்த மழையில் அதே இடத்தில் மறுபடி தண்ணீர். இன்னொரு டியூப். இப்படியே ஐப்பசி, கார்த்திகை போய்விடும். அதற்குள் தரைத் தகடு துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கும்.

சங்ககிரிப் பக்கம் வண்டி வைத்துப் பிழைக்கிறவன் நான். ஒழுகும் கேபினில் படுத்துத் தூங்கியிருக்கிறேன், ஒழுகலைத் தேடிப் பல ராத்திரி டார்ச்சும் கையுமாக உட்கார்ந்தும் இருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையும், கூட ஒரு ஆளும், அரை நாளும் வேண்டும்.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கூடத்தின் நடுவில் சொட்டுகிறது என்று அதற்கு நேர் மேலே இருக்கும் ஓட்டை மாற்றினால் ஒழுகல் நிற்காது. உடைந்த ஓடு முகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து, ஒரு முடிச்சு தட்டுப்பட்ட இடத்தில் சொட்டும். லாரி கேபினும் அப்படித்தான். தகரத்துக்கும் உள் லைனிங்குக்கும் நடுவில், தூணுக்குள், ஒயர் கட்டின் மேல் என்று தண்ணீர் நாலடி தூரம்கூடப் பயணம் செய்துதான் வெளியே தலைகாட்டும்.

எங்கள் பத்துச் சக்கர வண்டி ஒன்றில் டேஷ்போர்டுக்குக் கீழே, ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் தண்ணீர் இறங்கியது. இரண்டு பட்டறையில் முன்கண்ணாடியைக் கழற்றி மாட்டினோம். நிற்கவில்லை. மூன்றாவது தடவை, தகர வேலை செய்யும் டிங்கர் அண்ணன் ஒருவர் கண்ணாடியைத் தொடவே இல்லை. கூரையின் முன் விளிம்பில் இருக்கும் ஆரஞ்சு மார்க்கர் லைட்டைக் கழற்றினார். ஒயர் தகரத்துக்குள் நுழையும் ஓட்டையில் இருந்த ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து, கை பட்டதும் பொடியாக உதிர்ந்தது. தண்ணீர் அந்த ஓட்டையில் நுழைந்து, ஒயரைப் பிடித்துக்கொண்டு முன்தூணுக்குள் இறங்கி, ஃபியூஸ் பாக்ஸ் வரை வந்திருக்கிறது. சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் ரப்பர் வளையம் அது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது.

முதலில்: இது எந்தத் தண்ணீர்?

ஈரம் இருந்தால் எல்லாமே மழைத் தண்ணீர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வெள்ளைத் துணியால் ஈரத்தைத் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், முகர்ந்து பாருங்கள். நாக்கில் வைக்கவே வேண்டாம்.

நிறமும் இல்லை, வாடையும் இல்லை என்றால் மழையாக இருக்கலாம், ஏசி தண்ணீராகவும் இருக்கலாம். பச்சை, ரோஸ், ஆரஞ்சு என்று ஏதாவது நிறம் தெரிந்து, கை பிசுபிசுத்து, லேசாக இனிப்பு வாடை அடித்தால் அது கூலண்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். ஹீட்டர் உள்ள கேபினில் ஹீட்டர் பைப்போ, ஹீட்டர் கோரோ கசிகிறது என்று அர்த்தம். ஹீட்டரைப் போட்டதும் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் போல மூட்டம் படியும். ரேடியேட்டர் டேங்கில் அளவும் குறைந்துகொண்டே வரும். கூலண்ட் விஷம். கேபினில் சாப்பாட்டுப் பாத்திரம், தண்ணீர் கேன் எல்லாம் வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்.

டிரைவர் பக்கம் கிளட்ச், பிரேக் பெடலுக்கு நேர் கீழே வழுவழுவென்று ஈரம் இருந்து, அந்த இடத்தில் பெயிண்டும் உரிந்திருந்தால் அது தண்ணீரே இல்லை. கிளட்ச் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கசியும் ஆயில். ஒழுகல் தேடுவதை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வண்டியை எடுக்க வேண்டாம்.

சோப்பு வாசனை வந்தால் வைப்பர் தண்ணீர் டேங்கையும் அதன் பைப்பையும் பாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில் வடக்கே போகிறவர்களுக்கு ஒன்று. காலையில் எழுந்தால் கூரையின் உள்பக்கமும் கண்ணாடியும் முத்து முத்தாக நனைந்திருக்கும், ஆனால் ராத்திரி மழையே இருந்திருக்காது. அது ஒழுகல் அல்ல. இரண்டு பேர் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுத் தூங்கினால் மூச்சுக்காற்றில் இருக்கும் ஈரம் குளிர்ந்த தகரத்தில் படியும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்துப் படுத்துப் பாருங்கள், குறைந்துவிடும்.

ஏசி தண்ணீரைக் கண்டுபிடிப்பது சுலபம். மழையே இல்லாத நாளில் வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஏசியை ஓட விடுங்கள். கேபினுக்கு அடியில் ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே சொட்டவில்லை, உள்ளே கால்பக்கம் நனைகிறது என்றால் அந்த டிரெயின் பைப் அடைத்திருக்கிறது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகள் எல்லாவற்றுக்கும் கேபின் ஏசி கட்டாயம் ஆகிவிட்டது. அதனால் இந்தப் புகார் இனி அதிகமாகவே வரும். பைப்பின் வாயில் சேறு அடைத்திருக்கும், சில சமயம் குளவி மண் கூடு கட்டியிருக்கும். கீழ் முனையைச் சுத்தம் செய்து, மெதுவாகக் காற்று அடித்தால் சரியாகிவிடும். கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடித்தால் உள்ளே பைப் கழன்றுகொள்ளும், கவனம். மடங்கிக் கிடந்தாலும் தண்ணீர் இறங்காது, அதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் நான்கு கேள்விகள்

ஹோஸ் பைப்பை எடுக்கும் முன் டிரைவரிடமும் கிளீனரிடமும் உட்கார்ந்து பேசுங்கள். நாள் முழுக்க அந்த கேபினிலேயே இருக்கிறவர்கள் அவர்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

வண்டி நிற்கும்போது ஒழுகுகிறதா, ஓடும்போது ஒழுகுகிறதா? நின்றால் மட்டும் என்றால் கூரை, மேல் இணைப்பு, கதவு. மழையில் ஓடும்போது மட்டும் என்றால் முன்பக்கம்: காற்று தண்ணீரைக் கீழிருந்து மேலே தள்ளி வைப்பர் தண்டு, கண்ணாடி ரப்பரின் உதடு, முன் பேனல் வழியாக நுழைக்கும். மழை விட்ட பிறகு, ரோட்டில் தண்ணீர் தேங்கிய இடத்தில் ஓடும்போதும் நனைகிறதா? அப்படியானால் ஓட்டை அடியில் இருக்கிறது, சக்கரம் அடிக்கும் தண்ணீர் வருகிறது.

ஏற்றத்திலா, இறக்கத்திலா? இதை நிறைய பேர் கேட்பதே இல்லை. எங்கள் டிரைவர் ஒருவர், "அண்ணே, மழை நின்னப்புறமும் தொப்பூர் இறக்கத்துல வந்தா மட்டும் தலையில சொட்டுது, சேலம் வந்தா நின்னுடுது" என்றார். தர்மபுரியிலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் வண்டி மூக்கைக் கீழே வைத்து இறங்கும். கூரையின் பின்பாதியில் உள்ளுக்குள் தேங்கி நின்ற தண்ணீர் அப்போதுதான் முன்னால் ஓடி வந்து சொட்டுகிறது. ஓட்டை பின்னால், சொட்டு முன்னால். கூரைக்கும் லைனிங்குக்கும் நடுவில் தண்ணீர் தேங்குகிறது என்பதை அந்த ஒரு பேச்சிலேயே தெரிந்துகொண்டோம்.

வாட்டர் சர்வீஸ் செய்தால் மட்டும் ஒழுகுகிறதா? அந்த அழுத்தத்தில் நல்ல ரப்பரும் கொஞ்சம் தண்ணீர் விடும். மழையில் ஒழுகாமல் சர்வீஸில் மட்டும் இரண்டு சொட்டு வந்தால், கன் பிடிக்கும் தம்பியிடம் கண்ணாடி விளிம்பில் கிட்டத்தில் அடிக்க வேண்டாம் என்று சொன்னால் போதும்.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமானது. ஒழுகல் தொடங்குவதற்கு முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? லாரிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும், அதற்குப் பிறகு வருடா வருடமும் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, எடுக்க வேண்டும். எஃப்சி என்றாலே டிங்கரிங், பட்டி, பெயிண்ட். அப்போது கண்ணாடியைக் கழற்றியிருப்பார்கள், லைட்டைக் கழற்றியிருப்பார்கள், பழைய சீலன்ட்டைச் சுரண்டியிருப்பார்கள். விரிசல் விட்ட இணைப்பின் மேல் பட்டி வைத்துப் பெயிண்ட் அடித்திருந்தால் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். முதல் ஆயிரம் கிலோமீட்டர் குலுங்கலில் பட்டி வெடித்துவிடும். ஏர் ஹார்ன் மாட்டியது, மேலே கேரியர் வைத்தது, கதவில் ஸ்பீக்கர் போட்டது, கேமரா ஒயர் இழுத்தது என்று ஓட்டை போட்ட வேலை எல்லாவற்றையும் பட்டியல் போடுங்கள். அங்கிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும்.

உள்ளே தயார் செய்வது

வண்டியைச் சமமான இடத்தில் நிறுத்துங்கள். ஆர்சி, பர்மிட் காகிதம், போர்வை எல்லாவற்றையும் இறக்கிவிட்டு, மேட்டையும் ஃபெல்ட்டையும் எடுத்து வெயிலில் போடுங்கள். ஃபியூஸ் பாக்ஸ் பக்கம் ஈரம் இருந்தால் பேட்டரி கனெக்‌ஷனைக் கழற்றிவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். புகையைக் குறைக்க யூரியாக் கரைசல் ஊற்றி ஓட்டும் பிஎஸ்6 வண்டியாக இருந்தால் சாவியை ஆஃப் செய்த உடனே பேட்டரியைப் பிரிக்காதீர்கள். யூரியா லைனில் மிச்சம் இருப்பதை பம்ப் திரும்ப இழுத்துக்கொள்ளச் சில நிமிடம் ஆகும். அது ஓய்ந்த பிறகு பிரியுங்கள்.

ஈரம் தெரிகிற பக்கத்தில் முன்தூண் லைனிங், கதவடிப் பட்டை, முடிந்தால் கூரை லைனிங்கின் ஓரம், இவற்றைக் கழற்றித் தகரம் கண்ணுக்குத் தெரியும்படி வையுங்கள். கிளிப் உடையாமல் கழற்ற மரக்குச்சியை விளிம்பில் கொடுத்து நெம்பலாம். தகரத்தில் பழைய தண்ணீர்த் தடம் இருக்கிறதா பாருங்கள். தூசியைக் கழுவிக்கொண்டு போன கோடு, துருவின் செம்பழுப்புக் கோடு, உப்புப் பூத்த மாதிரி வெள்ளைக் கோடு, இவை எல்லாம் வழிகாட்டி. கோடு எங்கே தொடங்குகிறதோ அந்தப் பக்கம் ஓட்டை. பல தடவை ஹோஸைத் திறக்காமலேயே இங்கேயே வேலை முடிந்திருக்கிறது.

அப்புறம் எல்லாவற்றையும் துணியால் துடைத்து முழுக்கக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் புது ஈரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. காய்ந்ததும் இணைப்புகள் மேல் முகப்பவுடரை லேசாகத் தூவிவிடுங்கள். ஒரு சொட்டு ஓடினாலும் பவுடரில் கோடு விழும். தரையில் பழைய செய்தித்தாளை விரியுங்கள். முதல் சொட்டு விழுந்ததும் எந்த இடம் என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஹோஸ் சோதனை: கீழிருந்து மேலே

ஒரு ஆள் உள்ளே டார்ச்சோடு. ஒரு ஆள் வெளியே சாதாரண தோட்டத்து ஹோஸோடு. முனையில் கன் வேண்டாம், விரலால் அழுத்திப் பீய்ச்சவும் வேண்டாம். மழை எப்படி வழியுமோ அப்படித் தண்ணீர் வழிய வேண்டும், அவ்வளவுதான்.

கூரையிலிருந்து ஊற்ற ஆரம்பிக்கிறதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. மேலே ஊற்றினால் தண்ணீர் கண்ணாடி, கதவு, முன் பேனல் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும். உள்ளே சொட்டினால் எதிலிருந்து வந்தது என்று எப்படிச் சொல்வது? அதனால் கீழே தொடங்குங்கள். முதலில் முன் பேனலின் கீழ்ப்பகுதி. ஐந்து நிமிடம். உள்ளே ஆள் "இல்லை" என்றால், வைப்பர் தண்டு. ஐந்து நிமிடம். அப்புறம் கண்ணாடியின் கீழ் விளிம்பு, பக்க விளிம்பு, மேல் விளிம்பு. அப்புறம் கதவு, அதுவும் கீழிருந்து மேலே. கூரை இணைப்பும், கூரை மேல் இருக்கிற லைட்டும், போல்ட்டும் கடைசியில்.

ஒவ்வொரு இடத்துக்கும் முழு ஐந்து நிமிடம் கொடுங்கள், கூரையில் பத்து நிமிடம். தண்ணீர் லைனிங்குக்குள் நடந்து வரும் நேரம் அது. அவசரப்பட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டால், முந்தைய ஓட்டையின் தண்ணீர் இப்போது வந்து சேரும். பழி புது இடத்தின் மேல் விழும். எங்கள் வண்டியில் கண்ணாடி இரண்டு தடவை கழன்றதற்கு இதுதான் காரணம்.

உள்ளே இருக்கிறவர் சொட்டைப் பார்த்ததும் கத்த வேண்டும், வெளியே இருக்கிறவர் உடனே ஹோஸை எடுத்துவிட வேண்டும். இப்போது சந்தேக இடத்தைத் துடைத்துக் காயவைத்து மேலே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். மறுபடி அதே இடத்தில் தண்ணீர். ஒழுகல் நின்றுவிட்டதா? ஓட்டை டேப்புக்கு அடியில்தான். நிற்கவில்லையா? ஒரு சாண் தள்ளி ஒட்டிப் பாருங்கள். இந்த டேப் சோதனை செய்யாமல் எதையும் பூசாதீர்கள்.

ஓடும்போது மட்டும் ஒழுகும் வண்டிக்கு, ஹோஸைக் கீழே பிடித்துத் தண்ணீர் மேல்நோக்கி அடிக்கும்படி, கண்ணாடி மேல் விளிம்பையும் வைப்பர் பகுதியையும் நனையுங்கள். காற்று செய்கிற வேலையை இது ஓரளவு செய்யும்.

ஏசி கேபினுக்கு இன்னொரு வழியும் உண்டு. வெளிக்காற்று உள்ளே வரும் நிலையில் வைத்து, பிளோயரை முழு வேகத்தில் போட்டு, கதவு கண்ணாடி எல்லாம் மூடிவிடுங்கள். வெளியே ரப்பர் ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவினால், காற்று வெளியேறும் இடத்தில் குமிழி கிளம்பும். பட்டறையில் கட்டிய பழைய கேபினில் இது பலிக்காது, எல்லாப் பக்கமும் காற்று போகும். அந்த மாதிரி கேபினுக்கு ராத்திரியில் உள்ளே டார்ச் அடித்து, வெளியே இருந்து வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பதே நல்லது.

முன்கண்ணாடி

கண்ணாடி இரண்டு வகையாக மாட்டியிருப்பார்கள். ரப்பர் பீடிங் போட்டு மாட்டியது ஒரு வகை. பசை போட்டு நேராகத் தகர விளிம்பில் ஒட்டியது இன்னொரு வகை. உங்கள் வண்டி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள், வைத்தியம் வேறு வேறு.

ரப்பர் வகையில் தண்ணீர் இரண்டு வழியாக வரும்: கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில், அல்லது ரப்பருக்கும் தகரத்துக்கும் நடுவில். மழுங்கிய மரக்குச்சியால் ரப்பர் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே மண், காய்ந்த இலைத் துகள் இருந்தால் சுத்தம் செய்யுங்கள். ரப்பர் மெத்தென்று இருந்தால், இறுகாமல் பிசினாகவே இருக்கும் கண்ணாடி சீலன்ட்டை அந்த இடைவெளியில் செலுத்தி உதட்டை அழுத்திவிட்டால் போதும். மூலைகளில் ரப்பர் சுருங்கி விலகியிருந்தாலோ, மடித்தால் வெடித்தாலோ ரப்பரையே மாற்ற வேண்டும்.

மாற்றும்போது ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கண்ணாடி உட்காரும் தகர விளிம்பு. கீழ் மூலைகளில் அது துருவில் அரித்துப் பல் விழுந்த மாதிரி இருந்தால், எவ்வளவு நல்ல ரப்பர் போட்டாலும் பயன் இல்லை. துருவைச் சுரண்டி, அரித்த தகரத்தை வெட்டிப் புதுத் தகரம் வைத்து, பிரைமர் அடித்து, பெயிண்ட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கண்ணாடி. எஃப்சி அவசரத்தில் துருவின் மேலேயே பெயிண்ட் அடித்து ரப்பரை மாட்டச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டறையில் நீங்கள் கூடவே நின்று, கண்ணாடி கழன்றதும் அந்த விளிம்பை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஒட்டிய கண்ணாடியை நீங்களாகத் தொட வேண்டாம், அது பழகிய ஆள் செய்யும் வேலை. ஆனால் இரண்டு விஷயம் உங்கள் கையில் இருக்கிறது. பசை டியூபில் எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறதோ அத்தனை நேரம் வண்டி அசையக் கூடாது, லோடு காத்திருந்தாலும்தான். அந்த நேரத்தில் கதவுக் கண்ணாடியை இறக்கியே வையுங்கள். எல்லாம் மூடிய கேபினில் கதவை ஓங்கிச் சாத்தினால், உள்ளே அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை வெளியே தள்ளும். காயாத பசை அந்த இடத்தில் பிரிந்துகொள்ளும்.

கூரை

கூரையில் ஓட்டை என்பது பெரும்பாலும் மனிதன் போட்ட ஓட்டைதான். மார்க்கர் லைட், ஏர் ஹார்ன், கேரியர் போல்ட், பெயர்ப்பலகை ஸ்க்ரூ, ஆன்டெனா. ஒவ்வொன்றையும் கழற்றி, அடியில் வாஷரும் ரப்பரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். ஒயரை நேராக உள்ளே விடாமல், நுழைவதற்கு முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு ஏற்றிவிடுங்கள். தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே ஏறாது.

கேரியரில் மடித்து வைக்கும் தார்பாயையும் கவனியுங்கள். நனைந்த தார்பாய் மழை நின்று ஒரு நாள் முழுக்கத் தண்ணீரைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அடியில் ஒரு சின்ன விரிசல் இருந்தாலும் வெயில் நாளில்கூட ஒழுகும். குழம்பிப்போய் ஏசியைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

தகரம் இணையும் கோடுகளில் சீலன்ட் வெடித்திருந்தால் பழையதைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வெடித்ததன் மேலேயே பூசினால் புதியதும் சேர்ந்து உரியும். மரச் சட்டத்தின் மேல் தகரம் அடித்த கேபினில் ஆணித் தலை, ரிவெட் ஒவ்வொன்றையும் விரலால் தடவுங்கள். ஆடும் ரிவெட்டின் பக்கத்தில் கருப்பாக ஒரு ஈரக்கோடு தெரியும். உள்ளே மரம் ஊறியிருந்தால், ஓட்டையை அடைத்த பிறகும் சில நாள் ஈரம் விடும். அதைப் பார்த்து மறுபடி ஒழுகுகிறது என்று நினைத்துவிட வேண்டாம்.

கதவு

கதவுக்குள் தண்ணீர் போவது தவறு இல்லை. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கண்ணாடி இறங்கும் பிளவு வழியாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். கதவின் அடி விளிம்பில் அது வெளியேற ஓட்டைகள் விட்டிருக்கிறார்கள். கதவைத் திறக்கும்போது உள்ளே சளக் சளக் என்று சத்தம் கேட்டால் அந்த ஓட்டைகள் மண்ணால் அடைத்திருக்கின்றன. ஒரு கம்பியால் குத்திவிட்டால், நாள் கணக்கில் தேங்கிய தண்ணீர் சேறாகக் கொட்டும். ஐந்து நிமிட வேலை. மழைக்காலம் தொடங்கும் முன் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

அடுத்தது, கதவு லைனிங்குக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள். பார்க்க வெறும் பாலித்தீன் மாதிரி இருக்கும். கண்ணாடி ஏற்றும் மெஷினோ, ஸ்பீக்கரோ, பூட்டோ வேலை செய்கிறவர்கள் அதைக் கிழித்து எறிந்துவிடுகிறார்கள். கதவுக்குள் வழியும் தண்ணீர் கேபினுக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தாள்தான். அது இல்லை என்றால் கனமான பாலித்தீன் தாளை வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் டேப் (இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும் ரப்பர் டேப்) வைத்து ஒட்டுங்கள். தாளின் அடி விளிம்பு கதவின் உட்பக்கம், அதாவது தண்ணீர் வழியும் பக்கம், மடங்கி இருக்க வேண்டும். வெளியே தொங்கினால் தண்ணீர் நேராக உங்கள் காலில்தான் விழும்.

கதவு ரப்பருக்கு எடைமேடைச் சீட்டு ஒன்று போதும். சீட்டை ரப்பருக்கு நேராக வைத்துக் கதவை மூடி, வெளியே இழுங்கள். இறுக்கமாக வந்தால் நல்லது. தானாக நழுவி வந்தால் அந்த இடத்தில் கதவு ரப்பரைத் தொடவே இல்லை. சுற்றிலும் ஒரு சாணுக்கு ஒரு தடவை இப்படிப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் தளர்ச்சி என்றால் ரப்பர் நசுங்கியிருக்கிறது. மேல் விளிம்பு முழுக்கத் தளர்ச்சி என்றால் கீல் தொங்கியிருக்கிறது. கதவின் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துத் தொங்கியே ஏறி இறங்கினால் நாளடைவில் இப்படி ஆகும். அதற்கு ரப்பர் மாற்றிப் பயன் இல்லை, கீலைத்தான் சரிசெய்ய வேண்டும்.

அடிப்பக்கம்

ரோட்டுத் தண்ணீரில் மட்டும் நனைந்தால் கேபினுக்கு அடியில் பாருங்கள். கியர் ராடு ரப்பர் பூட், ஸ்டியரிங் தண்டு இறங்கும் இடம், பெடல் துளைகள், ஒயர் கட்டு நுழையும் ரப்பர், மட்கார்டுக்கு மேலே தரைத் தகட்டின் இணைப்பு. கேபினை முன்பக்கமாகச் சாய்த்துத் தூக்கினால் அது முழுக்கத் தூக்கி லாக் விழுந்தபிறகுதான் அடியில் தலையை விட வேண்டும். பாதி தூக்கிய கேபினுக்கு அடியில் எந்த அவசரத்துக்கும் போகாதீர்கள். தூக்கும் முன் உள்ளே இருக்கும் அடுப்பு, பாத்திரம், ஜாக்கி எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் முன்கண்ணாடியில் வந்து மோதும்.

அடைப்பது

கண்ணாடிக் கடையில் கிடைக்கும், வினிகர் மாதிரி புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கானை வண்டித் தகரத்தில் போட வேண்டாம். அந்த அமிலம் தகரத்தை அரிக்கும். மேலே பெயிண்ட்டும் பிடிக்காது. பிறகு நல்ல சீலன்ட் போடலாம் என்று நினைத்தாலும் பழைய சிலிக்கான் படலத்தின் மேல் அது ஒட்டாது. தகர இணைப்புக்கு பாலியூரித்தேன் பாடி சீலன்ட் கேட்டு வாங்குங்கள். கழற்றி மாட்ட வேண்டிய லைட், போல்ட் அடியில் பியூட்டைல் டேப். எம்-சீல் மாதிரி கல்லாக இறுகும் மாவு, குலுங்கும் இணைப்புக்கு ஆகாது; அசையாத சின்ன ஓட்டைக்கு வைக்கலாம். எதைப் போட்டாலும் இடம் சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும். மழை மேகத்தைப் பார்த்த பிறகு அவசரமாகப் பூசுவது சீலன்ட்டுக்குச் செலவழித்த காசை வீணாக்கும் வேலை.

அடைத்து, காய்ந்த பிறகு அதே இடத்தில் அதே ஐந்து நிமிட ஹோஸ். உள்ளே ஆள் டார்ச்சோடு. சொட்டு இல்லை என்றால் மற்ற இடங்களையும் விட்டுவிடாமல் பார்த்துவிடுங்கள், ஒரு கேபினில் இரண்டு ஓட்டை இருப்பது சகஜம்.

ஃபெல்ட்டை அவசரப்பட்டு உள்ளே போடாதீர்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் ஈரம் இருக்கும். இரண்டு மூன்று நாள் வெயிலில் திருப்பிப் போட்டு, கனம் குறைந்ததும் போடுங்கள். நாறிப்போயிருந்தால் புதிது வாங்குவதே மேல். தரைத் தகட்டில் துரு தெரிந்தால் சுரண்டி பிரைமர் அடிக்க இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. ஃபியூஸ் பாக்ஸ் கனெக்டர்களில் பச்சை பூத்திருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிச் சுத்தம் செய்த பிறகு பேட்டரியை இணையுங்கள்.

மேட்டுக்கு அடியில், பழைய ஈரம் இருந்த அதே இடத்தில் ஒரு செய்தித்தாளை மடித்து வையுங்கள். மூன்று நல்ல மழை போகட்டும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் கிளீனர் தம்பி அதை எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றாவது மழைக்கும் தாள் மொறுமொறுவென்று இருந்தால் லைனிங்கை முழுக்க மாட்டிவிடலாம்.